காசிமேட்டில் மீன் குவியும்போது அழிவது எந்த மீன்?

ஆண்டுதோறும் ஜூன் நடுவில் தடைக்காலம் முடிந்து, காசிமேட்டு விசைப்படகுகள் கடலில் தங்கிப் பிடிக்கும் முதல் பயணத்தை முடித்துக் கரை திரும்பும் நாட்களில், மீன் வரத்து பெருகிவிட்டது என்றும் விலை இறங்கிவிட்டது என்றும் செய்தி வருகிறது. கடல் மீன்கள் அழிந்துகொண்டிருக்கின்றன என்ற செய்தியையும் அதே பருவத்தில் படிக்கிறோம். இரண்டையும் படிப்பவர்களில் பலர், இவற்றுள் ஒன்று மிகையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் இரண்டும் சரியாக இருக்க முடியும். ஏனெனில் அவை வெவ்வேறு மீன்களைப் பற்றியவை, வெவ்வேறு வகையான குறைவைப் பற்றியவை.

‘மீன் அழிந்துபோச்சு’ என்ற பேச்சை வடசென்னையில் எங்கும் கேட்கலாம். வஞ்சிரம் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது என்பதற்கும் அதைச் சொல்கிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் முன்போல் இறால் படவில்லை என்பதற்கும் சொல்கிறார்கள். ஏதோ ஒரு சுறா உலகத்திலிருந்தே மறையப்போகிறது என்பதற்கும் சொல்கிறார்கள். முதலாவது சந்தையின் நிலை, இரண்டாவது ஓர் இடத்தின் நிலை, மூன்றாவது ஓர் இனத்தின் நிலை. மூன்றையும் ஒரே நோயாக எண்ணி ஒரே மருந்தைக் கொடுத்தால் மூன்றில் எதுவும் குணமாகாது. இக்கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. முதல் இரண்டிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவதற்கே இதன் பெரும்பகுதி செலவாகும்.

இனம், தொகை, இருப்பு

தங்களுக்குள் கூடி இனப்பெருக்கம் செய்து, தம்மைப்போன்ற சந்ததியைத் தரும் மீன்கள் அனைத்தும் சேர்ந்தது ஓர் இனம். ஒரே இனம் பல கடல்களிலும் பல ஆறுகளிலும் பிரிந்து வாழலாம். அவ்வாறு ஓரிடத்தில் வாழும் கூட்டத்தை இனத்தொகை என்கிறோம். அந்தத் தொகையில் மனிதர் பிடிக்கும் பகுதியைக் கணக்குப்பார்க்கும்போது அதற்கு மீன் இருப்பு என்று பெயர்.

மீன்வளத் துறையினர் கவலைப்படுவது பெரும்பாலும் இருப்பைப் பற்றி: இவ்வாண்டு இவ்வளவு பிடித்தால் அடுத்த ஆண்டும் அவ்வளவு கிடைக்குமா என்பதே அவர்கள் கேள்வி. இனப் பாதுகாப்பில் ஈடுபட்டவர்கள் கேட்பது வேறு: இந்த இனம் இன்னும் சில தலைமுறைகள் கழித்து இருக்குமா? இருப்பு சரிந்தும் இனம் பத்திரமாக இருப்பதுண்டு. அதற்கு மத்தியைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

கேரளக் கரையில் 2012ஆம் ஆண்டில் பிடிபட்ட மத்தி ஏறத்தாழ 4 லட்சம் டன். 2021இல் அது 3,500 டன்னுக்கும் கீழே இறங்கியது. நூறு கூடை வந்த இடத்தில் ஒரு கூடை வந்தது என்று சொல்வதற்குச் சமமான வீழ்ச்சி. கடல்நீரின் வெப்பநிலையையும் உணவையும் மாற்றும் எல் நினோ நிகழ்வும், முதிராத குஞ்சுகளை அள்ளியதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஆனால் அந்த ஆண்டிலும் மத்தி அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாகக் கருதப்படவில்லை. உயிரினங்களின் அழிவபாயத்தை மதிப்பிடும் உலகப் பட்டியலில் அது கவலை குறைந்த இனமாகவே இருந்தது. சூழல் சாதகமானதும் மத்தி திரும்பி வந்தது. சில ஆண்டுகளுக்குள் கேரளப் பிடிப்பு மீண்டும் ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் மீனவக் குடும்பங்கள் பட்ட பாடு சிறிதல்ல. ஆயினும் அது வாழ்வாதாரத்தின் நெருக்கடியே தவிர இனத்தின் நெருக்கடி அல்ல.

முருங்கையும் பனையும்

மத்தியால் ஏன் திரும்பி வர முடிந்தது? வீட்டுக் கொல்லையில் நிற்கும் முருங்கையையும், எண்ணூர் மணல்மேட்டில் நிற்கும் பனையையும் எண்ணிப் பார்க்கலாம். முருங்கை காற்றடித்தால் முறியும். முறிந்த கிளையை ஊன்றிவைத்தால் அடுத்த ஆண்டே காய்க்கும். பனை எந்தப் புயலுக்கும் அசையாது. ஆனால் வெட்டிவிட்டால், விதைத்து அது பலன் தரப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு மரத்தை வெட்டிக்கொண்டே வந்தால் முருங்கைத் தோட்டம் தாங்கும். பனந்தோப்பு மெல்ல மெல்ல, யாரும் ஒரு குறிப்பிட்ட நாளைச் சுட்டிக்காட்ட முடியாதபடி, இல்லாமற்போகும்.

மத்தி முருங்கை வகை. பிறந்து ஓராண்டுக்குள் முதிர்ந்து, ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டு, இரண்டரை ஆண்டளவில் வாழ்க்கையை முடித்துக்கொள்ளும். நெத்திலியும் கானாங்கத்தையும் ஏறக்குறைய அதே போக்கு. சுறாவும் திருக்கையும் பனை வகை. முதிர்ச்சி அடையப் பல ஆண்டுகள் ஆகும். பெரும்பாலானவை முட்டைகளை நீரில் கொட்டுவதில்லை, குட்டிகளை உடலுக்குள் சுமந்து ஈனுகின்றன. கொம்புத் திருக்கை ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி. நம் கரையில் உழுவை என்று அழைக்கப்படும், சுறாவும் திருக்கையும் கலந்தாற்போன்ற உடலமைப்புள்ள மீன், மூன்று மீட்டர் வரை வளரக்கூடியது. அதுவும் ஓர் ஈற்றுக்கு இருபதுக்கும் குறைவான குட்டிகளையே ஈனும். ஓர் உயிரி எத்தனை வயதில் முதிர்கிறது, எத்தனை முறை, எத்தனை குஞ்சுகளைத் தருகிறது, எவ்வளவு காலம் வாழ்கிறது என்பவற்றின் மொத்தக் கணக்கை வாழ்க்கைப்போக்கு என்கிறார்கள். எந்த மீன் எவ்வளவு பிடிப்பைத் தாங்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது இதுவே.

இங்கே ஒரு பழைய தவறான எண்ணத்தைத் தொட்டுவிட வேண்டும். ‘ஒரு மீன் லட்சம் முட்டை போடுகிறது, அது எப்படி அழியும்?’ என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நிலையான ஒரு தொகையில், ஒரு சோடி மீன் வாழ்நாள் முழுவதும் இடும் முட்டைகளிலிருந்து சராசரியாக இரண்டே மீன்கள்தாம் பெற்றோராகும் வயதை எட்டுகின்றன. அதற்கு மேல் எட்டினால் தொகை பெருகும், கீழே போனால் சுருங்கும். முட்டைகள் லட்சமாக இருப்பதே, அவற்றுள் ஏறக்குறைய எல்லாமே இறந்துவிடும் என்பதால்தான். எனவே எண்ண வேண்டியது முட்டைகளை அல்ல. முட்டையிடும் வயதை எட்டி உயிரோடு இருக்கும் மீன்களை.

கழிமுகத்துக் கொடுவாவை எடுத்துக்கொண்டால் இது இன்னும் விளங்கும். கொடுவா பொதுவாக ஆணாகவே முதிர்கிறது. சில ஆண்டுகள் ஆணாக இருந்து, உடல் பெருத்தபின் பெண்ணாக மாறுகிறது. பெரிய கொடுவாவுக்குத்தான் ஏலத்தில் நல்ல விலை. பெரியவற்றையெல்லாம் எடுத்துவிட்டால், எஞ்சிய கூட்டத்தில் மீன்கள் இருக்கும், பெண்கள் இரா. களவாய் மீன்களில் இது தலைகீழ்: பெண்ணாக முதிர்ந்து பின்னர் ஆணாக மாறும் இனங்கள் அவற்றில் பல. தலைக்கணக்கு மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது.

இதுவரை சொன்னதன் சாரம்: கூடையில் எத்தனை மீன் என்பது ஒரு கேள்வி, பிடித்த அளவுக்கு ஈடாக அந்த இனத்தால் பெற்றோர் மீன்களை மீண்டும் உருவாக்க முடிகிறதா என்பது வேறு கேள்வி. அழிவபாயம் என்ற சொல் இரண்டாவதைக் குறிக்கிறது.

வலை யாருக்காக இழுக்கப்படுகிறது?

வெப்பமண்டலக் கடலின் தனித்தன்மை இங்கேதான் வருகிறது. என் மதிப்பீட்டில் இந்த விவாதத்தின் அச்சாணியும் இதுவே. ஒரே இனத்தைத் தேடிப் போகும் மீன்பிடிப்பில் ஓர் இயல்பான கடிவாளம் உண்டு. மீன் அரிதாகும்போது தேடும் செலவு ஏறுகிறது. டீசலுக்கும் ஐஸுக்கும் ஆட்கூலிக்கும் கட்டாத நிலை வந்ததும் படகுகள் வேறு மீனை நாடுகின்றன. அந்த ஓய்வில் எஞ்சியவை பெருகும். மத்தி பிழைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வங்கக் கடலில் இழுவலை அப்படி இயங்குவதில்லை. கடலடியை ஒட்டி இழுக்கப்படும் அந்த வலையின் மடியில், இறாலோடு கிழங்கான், சங்கரா, கடமா, நண்டு, திருக்கைக் குஞ்சு, பெயரே கேட்டிராத சிறு மீன்கள் என்று பல பத்து இனங்கள் ஒன்றாக ஏறுகின்றன; விற்க முடியாதவை கோழித்தீவனத்துக்கும் மீன் தூளுக்கும் போகின்றன. குறிவைக்காமலே சிக்கும் இவற்றை உடன்பிடிப்பு என்கிறோம். இப்போது அதே வலையில் ஓர் உழுவையும் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். உழுவை அரிதாகிவிட்டது, அதை மட்டும் தேடிப் போனால் ஒரு லிட்டர் டீசல்கூடத் தேறாது. ஆனால் யாரும் அதைத் தேடிப் போகவில்லை. இறாலும் கடமாவும் படகின் செலவைக் கட்டிவிடுகின்றன. எனவே உழுவை எவ்வளவு அரிதானாலும் வலை நிற்பதில்லை. கடைசி உழுவை சிக்கும் வரை வலை இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கலாம். அதைச் சிக்கவைத்தவருக்கு அது கடைசி என்று தெரியவும் தெரியாது. போதாக்குறைக்கு உழுவையின் துடுப்புக்கு வெளிநாட்டுச் சந்தையில் மிக உயர்ந்த விலை.

குவியலும் அழிவும் ஒரே துறைமுகத்தில் ஒரே காலையில் நடப்பது இவ்வாறுதான். குவியலே அழிவுக்குப் படியளக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

இதன் விளைவு கணக்கில் தெரிகிறது. உலகின் சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் அழிவபாயத்தில் உள்ளதாக 2021இல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு கூறியது. வெப்பமண்டல, மித வெப்பமண்டலக் கரையோரக் கடல்களில் வாழும் இனங்களை மட்டும் எடுத்தால் அது நான்கில் மூன்றாக ஏறுகிறது. உழுவைகளை உள்ளடக்கிய இரண்டு குடும்பங்களின் 16 இனங்களில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும் மிக அருகியவை என்று 2019இல் அறிவிக்கப்பட்டது. வேளா மீனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரு பக்கமும் பல் வைத்த அதன் நீண்ட மூக்கு எந்த வலையிலும் சிக்கிக்கொள்ளும். இன்றைய இளம் மீனவர்களில் உயிருள்ள வேளாவைப் பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சிவப்புப் பட்டியல் எப்படி முடிவெடுக்கிறது?

‘மிக அருகியது’ என்பது கவலையை மிகுத்துச் சொல்வதற்கான அடைமொழி அன்று. அதற்கு அளவுகோல் இருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நடத்தும் சிவப்புப் பட்டியல், உயிரினங்களைக் கவலை குறைந்தவை முதல் அற்றுப்போனவை வரை வகைப்படுத்துகிறது. நடுவில் உள்ள மூன்று படிகள், அதாவது அழிவாய்ப்பு இனம், அருகிய இனம், மிக அருகிய இனம் ஆகியவை சேர்ந்ததே ‘அழிவபாயத்தில் உள்ளவை’ என்ற தொகுப்பு.

படியைத் தீர்மானிக்கப் பல வழிகள் உள்ளன. புதியவர்களுக்கு இரண்டு போதும். முதலாவது சரிவின் வேகம். பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இவற்றில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் தொகை குறைந்தது 30 விழுக்காடு சரிந்திருந்தால் அழிவாய்ப்பு இனம். 50 என்றால் அருகியது. 80 என்றால் மிக அருகியது. தலைமுறை என்பது பெற்றோர் மீன்களின் சராசரி வயது. மத்தியின் மூன்று தலைமுறை சில ஆண்டுகளில் முடிந்துவிடும். மெதுவாக முதிரும் ஒரு சுறாவுக்கு அது அரை நூற்றாண்டைத் தொடலாம். ஆகவே சுறாவின் சரிவை ஒரு தனிமனிதர் தம் பணிக்காலத்துக்குள் முழுமையாகக் காண்பதரிது. தம் தந்தை காலத்துக் கடலையே ‘பழைய கடல்’ என்று ஒவ்வொரு தலைமுறையும் எண்ணுவதால், குறைவின் முழு ஆழம் பேச்சில் வருவதேயில்லை.

இரண்டாவது வழி பரவலின் பரப்பு. ஓர் இனம் காணப்படும் மொத்தப் பரப்பு 20,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழ் இருந்தால் முதல் படி, 5,000க்குக் கீழ் இரண்டாம் படி, 100க்குக் கீழ் மூன்றாம் படி; கூடவே அந்தப் பரப்பு துண்டுபட்டிருக்கிறதா, தொடர்ந்து தேய்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஓர் ஒப்பீட்டுக்காக: பெருநகர சென்னை மாநகராட்சியின் பரப்பே 426 சதுர கிலோமீட்டர். அதில் கால் பங்குக்கும் குறைவான இடத்தில் ஓர் இனத்தின் உலகம் முழுவதும் அடங்கிவிடுகிறது என்றால் நிலைமை புரியும்.

பட்டியலில் ‘தரவு போதாத இனம்’ என்று ஒரு பிரிவும் உண்டு. அதைப் பத்திரமான இனம் என்று படிப்பது பரவலான பிழை. அங்கே பத்திரமானவையும் இருக்கலாம், மறைந்தே போனவையும் இருக்கலாம். நமக்கு மிக அருகிலுள்ள ஊரின் பெயரைத் தாங்கிய புதுச்சேரிச் சுறாவை இந்த இடத்தில் குறிப்பிட வேண்டும். உலக அருங்காட்சியகங்களில் அதன் மாதிரிகள் சுமார் இருபதே உள்ளன. ஐயத்துக்கு இடமில்லாத கடைசி மாதிரி கிடைத்தது 1979இல். ஆயினும் அது அற்றுப்போனதாக அறிவிக்கப்படாமல், மிக அருகிய இனமாகவே பட்டியலில் நீடிக்கிறது. ஒன்று இல்லை என்று நிறுவுவதற்கு வேண்டிய தேடல், இருக்கிறது என்று நிறுவுவதற்கு வேண்டியதைவிடப் பன்மடங்கு.

தொட்டியில் ஆயிரம், ஆற்றில் இல்லை

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக நிற்கும் தெருக்களில், ‘ரெட் டெயில் ஷார்க்’ என்று ஒரு மீன் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும். கருத்த உடலும் சிவந்த வாலுமாக இருக்கும் அது சுறாவே அல்ல. தாய்லாந்து ஆறுகளைச் சேர்ந்த கெண்டைக் குடும்பத்து மீன். பண்ணைகளில் கணக்கின்றிப் பெருக்கப்படும் அந்த மீன், தன் சொந்த ஆற்றில் மிக அருகிய இனம். மீன் கடைகளில் முள்ளில்லாத துண்டங்களாக ‘பாசா’ என்ற பெயரில் விற்கப்படும் பங்காசியஸ் கெளுத்தி, ஆந்திரக் குளங்களில் டன் டன்னாக வளர்கிறது. அதன் தாயகமான மேகாங் ஆற்றுப் படுகையில் அருகிய இனம். புழல் ஏரியிலிருந்து தெருவோரக் கூடைக்கு வரும் ஜிலேபிக் கெண்டையின் கதை இன்னும் வேடிக்கை. ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த மொசாம்பிக் ஜிலேபியை 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது நம் ஏரிகளில் நாட்டு மீன்களை நெருக்கித் தள்ளிப் பரவியது. தாயகத்திலோ, அங்கு விடப்பட்ட நைல் ஜிலேபியோடு கலந்து கலப்பினமாகிவருவதால், அழிவாய்ப்பு இனமாகப் பட்டியலில் ஏறியிருக்கிறது.

அழிவபாயம் என்பது இயற்கையான வாழிடத்தில் தானாக வாழும் தொகையைப் பற்றியது. பண்ணையிலும் தொட்டியிலும் உள்ளவை கணக்கில் சேரா. பல தலைமுறைகளாகத் தொட்டியில் வளர்ந்த மீன், தொட்டிக்குத் தக்கபடி தேர்ந்தெடுக்கப்பட்ட மீன். அதை ஆற்றில் விட்டால் ஆறு மீண்டுவிடாது.

வண்ணமீன் தொழிலே குற்றம் என்று இதிலிருந்து பொருள் கொள்ள வேண்டாம். பண்ணையில் பெருக்கி விற்பது காட்டு மீனின் சுமையைக் குறைக்கவும் கூடும். சிக்கல் காட்டிலிருந்து நேரே பிடித்து விற்பதில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சில ஆறுகளில் மட்டுமே வாழும், ‘மிஸ் கேரளா’ என்று வணிகத்தில் பெயர்பெற்ற செங்கோட்டு மீன் அதற்கு உதாரணம்: 1990களில் வெளிநாட்டுச் சந்தைக்கு அறிமுகமாகி, ஓடைகளிலிருந்து பெருமளவு அள்ளப்பட்டு, அருகிய இனமானது. கடைக்காரரிடம் ‘இது பண்ணையில் பிறந்ததா, ஆற்றில் பிடித்ததா?’ என்று கேட்பது நல்ல பழக்கம். பதில் தெரியாத கடையும் உண்டு, தெரிந்து சொல்லும் கடையும் உண்டு.

நன்னீர் மீனுக்குத் தப்பிச் செல்ல இடமில்லை

உலகின் மீன் இனங்களில் ஏறத்தாழ பாதி நன்னீரில் வாழ்கின்றன. ஆறும் ஏரியும் பூமியின் மேற்பரப்பில் ஒரு விழுக்காடு அளவே. இவ்வளவு இனங்கள் இவ்வளவு சிறிய இடத்தில் நெருங்கியதற்குக் காரணம், ஓர் ஆற்று மீன் அடுத்த ஆற்றுக்கு நடந்து போக முடியாது என்பதே. ஒவ்வொரு படுகையிலும் தனித்தனியே இனங்கள் உருவாயின. அதே காரணத்தால், ஓர் ஆறு கெட்டால் அதற்கு மட்டுமே உரிய இனம் முழுவதுமாகக் கெடும். எனவே கடல் மீனுக்கு முதல் எதிரி வலை என்றால், நன்னீர் மீனுக்கு முதல் எதிரிகள் அணை, கழிவு, மணல் அள்ளுதல், வெளியிலிருந்து விடப்பட்ட மீன்.

கொசஸ்தலையாற்றை எண்ணிப் பாருங்கள். அதன் நீரை 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் நகரத்தின் குடிநீருக்காகத் திருப்புகிறது. கீழே வல்லூர் அணைக்கட்டு. அதற்கும் கீழே எண்ணூர்க் கழிமுகம். கடலில் பிறந்து ஆற்றுக்குள் வந்து வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலுக்குத் திரும்பும் விலாங்குக்கு இந்தத் தடைகள் ஒவ்வொன்றும் ஒரு பூட்டிய கதவு. கொடுவா, மடவை, இறால் ஆகியவற்றின் குஞ்சுகள் கடலிலிருந்து கழிமுகத்துக்குள் புகுந்து, அலையாத்தி வேர்களுக்கிடையிலும் ஆழமற்ற சேற்றுப் பரப்பிலும் வளர்ந்து, பின்னர் கடலுக்குப் போகின்றன. இத்தகைய இடத்தை வளர்ப்பிடம் என்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழிமுகம் ஆழம் குறைவதும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பரவியதும் நேரடியாகத் தாக்குவது இந்த வளர்ப்பிடத்தை. மடவையும் கொடுவாவும் உலக அளவில் அழிவபாயத்தில் இல்லை. ஆனால் எண்ணூரில் அவை குறைந்தால் நெட்டுக்குப்பத்துக்கும் தாழங்குப்பத்துக்கும் அது முழுமையான இழப்புதான். இனம் பத்திரம், ஆகவே கவலை வேண்டாம் என்று அந்த மக்களிடம் பட்டியலை நீட்டுவது அநியாயம்.

சுருக்கமாக: கடல் இனங்களின் அழிவு பெரும்பாலும் எடுப்பதால் நேர்கிறது, நன்னீர் இனங்களின் அழிவு பெரும்பாலும் இடம் போவதால் நேர்கிறது, கழிமுகம் இரண்டுக்கும் இடையில் இரண்டு அடியையும் வாங்குகிறது.

தடைக்காலம் செய்வதும் செய்யாததும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தமிழ்நாட்டில் 2001இல் 45 நாட்களாகத் தொடங்கிய இந்த ஏற்பாட்டைப் பலர் அழியும் மீன்களுக்கான பாதுகாப்பு என்றே நினைக்கிறார்கள். அது இருப்புக்கான ஏற்பாடு. கடலடிக்கு இரண்டு மாத ஓய்வு கிடைக்கிறது. அந்தப் பருவத்தில் முட்டையிடும் மீன்களும், விரைந்து வளரும் இறாலும் பயன்பெறுகின்றன. வெப்பமண்டல மீன்கள் பலவும் ஆண்டின் பல மாதங்களில் பரவலாக முட்டையிடுவதால், எந்த இரண்டு மாதமும் எல்லா மீனுக்கும் பொருந்தாது. உழுவைக்கு இந்த ஓய்வால் கிடைப்பது மிகச் சொற்பம். இருபது ஆண்டு வாழக்கூடிய ஒரு மீன், 61 நாட்கள் தப்பித்து மீதி 304 நாட்களில் சிக்கினால் பலன் என்ன? தடைக்காலம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். அது செய்யாத வேலைக்கு அதற்குப் பாராட்டுத் தர வேண்டாம் என்பதே.

இனத்துக்கான சட்டம் வேறு: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 2001 மே மாதத்தில் திமிங்கிலச் சுறா அதன் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய பட்டியலில், சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு சுறா, திருக்கை அனைத்தையும் சேர்த்தபோது, சுறாவை நம்பிய மீனவர்கள் எதிர்த்தனர். ஆண்டு முடிவதற்குள் பட்டியல் 10 இனங்களாகக் குறைக்கப்பட்டது. அந்தப் பத்தில் ஓர் உழுவையும் இருந்தது. ஆனால் இன்றைய வகைப்பாட்டின்படி அந்த அறிவியல் பெயருக்குரிய இனம் ஆப்பிரிக்க, அரேபியக் கரைகளில் வாழ்வது. நம் கரையில் சிக்குபவை அதன் நெருங்கிய உறவினங்கள். கரையில் நிற்கும் அதிகாரியும் மீனவரும் கண்ணால் பிரித்தறிய முடியாத இனங்களைப் பெயரால் பிரித்துச் சட்டம் எழுதும்போது இப்படித்தான் ஆகும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் பட்டியலை விரிவாக்கியது.

குஞ்சு விட்டால் போதுமா?

ஏரியிலோ ஆற்றிலோ லட்சம் மீன்குஞ்சுகளை விடும் விழாக்களுக்கு எப்போதும் நல்ல கூட்டம் கூடும். உணவு மீனைப் பெருக்க அது உதவலாம். அழியும் இனத்தைக் காக்கும் வழியாக அதைச் சொல்பவர்களுக்குக் காவிரியின் கூன்முதுகு மஹ்சீரை நினைவூட்ட வேண்டும். ஒரு மீட்டருக்கு மேல் வளரும் அந்தப் பெருஞ்செதில் கெண்டை காவிரிப் படுகைக்கு மட்டுமே உரியது. நல்லெண்ணத்தோடுதான், மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் செயற்கையாகப் பெருக்கிய வேறொரு மஹ்சீர் இனத்தின் குஞ்சுகளைப் பல ஆண்டுகள் காவிரியில் விட்டார்கள். வந்த இனம் பெருகியது; சொந்த இனம் ஒதுங்கி ஒதுங்கி, மோயாறு போன்ற சில பகுதிகளில் எஞ்சியது. அதற்கு உறுதியான அறிவியல் பெயரே 2018இல்தான் தீர்மானிக்கப்பட்டது. பெயர் முடிவான அதே ஆண்டில் மிக அருகிய இனமாகப் பட்டியலில் ஏறியது. அதுவரை உலகப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை.

வலையில் ஏறிய பிறகு

கலப்பு வலையே மூலகாரணம் என்பதால், கலப்பைக் குறைக்கும் ஏற்பாடுகள்தாம் பனை வகை மீன்களுக்கு உண்மையில் உதவுகின்றன. மடியின் கண்ணைப் பெரிதாக்கினால் குஞ்சுகள் தப்பும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது பேசப்பட்ட ஆமை விலக்கிக் கருவி, வலைக்குள் பொருத்தும் ஒரு கம்பிச் சட்டம். இறால் கம்பிகளின் ஊடே மடிக்குப் போகும், பெரிய உடல்கள் மேலோ கீழோ உள்ள திறப்பு வழியே வெளியேறும். ஆமைக்காகச் செய்த அந்தக் கருவி பெரிய திருக்கையையும் உழுவையையும் வெளியேற்றுகிறது. அதைப் பொருத்தினால் நல்ல மீனும் கொஞ்சம் போய்விடும் என்ற படகுக்காரர்களின் ஆட்சேபம் கற்பனையல்ல; அந்த இழப்பை யார் ஏற்பது என்பதைத் தீர்க்காமல் கருவியை மட்டும் கட்டாயமாக்கினால் அது கரையில் கட்டி வைத்திருக்கும் கருவியாகவே இருக்கும். குஜராத்தில் 2004 முதல் நடந்த திமிங்கிலச் சுறாப் பாதுகாப்பு இயக்கத்தில், சுறாவை விடுவிக்க வலையை அறுத்த மீனவருக்கு நிவாரணத் தொகை கொடுத்தார்கள். வெட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே கரையில் நூற்றுக்கணக்கான திமிங்கிலச் சுறாக்கள் உயிரோடு விடப்பட்டன.

எல்லா மீனையும் இவ்வாறு விட்டுவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். உழுவையும் திருக்கையும் கடலடியில் அசையாமல் கிடந்தே, கண்ணுக்குப் பின்னுள்ள துளை வழியாக நீரை இழுத்து மூச்சுவிடக்கூடியவை. வலை இழுப்பு நீளாமல் இருந்தால் மேல்தளத்துக்கு வரும்போது அவை உயிரோடு இருக்க வாய்ப்புண்டு, உடனே கடலில் விட்டால் பிழைக்கவும் வாய்ப்புண்டு. கொம்பன் சுறாவுக்கு அந்த வசதி இல்லை. அது நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளுக்குள் நீர் ஓடும். வலையில் சிக்கிச் சற்று நேரத்தில் இறந்துவிடும். தளத்தில் ஏறியபின் அதை விடுவிப்பதால் பயனில்லை. அதற்கு ஒரே வழி, அது குட்டி போடும் பருவத்தில் குட்டி போடும் இடங்களில் வலை இறக்காமல் இருப்பது. எந்த மாதம் எந்த ஆழத்தில் குட்டிச் சுறாக்கள் கூட்டமாக வலையில் ஏறுகின்றன என்று காசிமேட்டுப் படகு டிரைவர்களைக் கேட்டால் அவர்களால் சொல்ல முடியும். அந்த இடங்களைக் குறிக்கும் வேலையை அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.